அப்பாவின் அம்பாசிடரும் அவிநாசி ரோட்டு கார் மியூசியமும்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "வாசல்ல அம்பாசிடர் நிக்குமே, அந்த வீடு" என்றுதான் சொல்வார்கள். நிற்கும் என்பதுதான் சரியான வார்த்தை. அது ஓடி ஏழு வருடம் ஆகிறது. தார்ப்பாய் போர்த்தி, நான்கு டயருக்கும் செங்கல் முட்டுக் கொடுத்து, வேப்ப மரத்தடியில் நிறுத்தி வைத்திருக்கிறார் அப்பா. 1986 மாடல் டீசல் வண்டி. அதை வைத்துத்தான் இருபத்தெட்டு வருடம் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் டாக்சி ஓட்டினார். என் படிப்பு, தம்பி படிப்பு, என் கல்யாணம் எல்லாம் அந்த வண்டி சம்பாதித்தது.

இப்போது தம்பிக்கு அந்த இடம் வேண்டும். ஏற்காடு போகும் ரோட்டுப் பக்கம் கூட்டம் பெருகிவிட்டது. வாசலில் இரண்டு கடை கட்டி வாடகைக்கு விட்டால் வீட்டுக் கடனில் பாதி அடையும். அவன் கேட்பதில் தப்பே இல்லை. அம்மாவும் அவன் கட்சிதான். "பாம்பு வந்து அடைஞ்சா யார் பார்க்கிறது?" என்பார். அப்பா பதிலே சொல்ல மாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கம் போய் நிற்பார். போன பொங்கலுக்கு இந்தப் பேச்சு பெரிதாகி, இரண்டு நாள் அப்பாவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒன்பதாவது படிக்கும் என் மகன், "கோயம்புத்தூர்ல கார் மியூசியம் இருக்காம்மா, தாத்தாவக் கூட்டிட்டுப் போலாம்" என்றான். அப்பாவைக் கொஞ்சம் வீட்டுக்கு வெளியே கொண்டுபோனால் போதும் என்று எனக்கும் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மூவரும் கிளம்பினோம்.

லாரிகளின் ஊர் வழியே

வண்டி ஓட்டியது நான். பக்கத்து சீட்டில் அப்பா. என்னிடம் இருப்பது சின்ன ஹேட்ச்பேக். கிளட்ச் மிதிக்கும் நேரமெல்லாம் அப்பாவின் இடது காலும் அசைந்தது. முன்னால் போகும் பஸ் பிரேக் விளக்கு எரிந்தால் எனக்கு முன்பே அவர் வலது கால் தரையை அழுத்தியது. எழுபத்து நான்கு வயதாகிறது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தபிறகு லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டாம் என்று அவரேதான் முடிவெடுத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பியதில்லை. கால்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊருக்குள் வரும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடந்தோம். 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. நூற்றுக்கு மேல் படம் எடுத்த அந்த இடத்தில் இன்று அந்த வளைவுதான் அடையாளம். "எவ்வளவு பெரிய கம்பெனி கண்ணு, வாசப்படிதான் மிச்சம்" என்றார் அப்பா. மற்றபடி சங்ககிரி வரை மௌனம்.

சங்ககிரி வந்ததும் கலகலப்பாகிவிட்டார். சாலையோரம் வரிசையாக லாரிகள், லாரி பட்டறைகள். எங்கள் சேலம், நாமக்கல் சீமைக்கு இதுதானே அடையாளம்! நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள்; கேஸ் டேங்கர் லாரிகளும் அந்த ஊரில்தான் அதிகம். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள். இந்தியாவின் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு தோண்டினாலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று போய் நிற்கும் என்பார்கள். சேஸிஸ் மட்டும் கம்பெனியிலிருந்து வரும். ஓட்டுநர் வெயிலில் முண்டாசு கட்டிக்கொண்டு, கூரையில்லாத அந்தச் சட்டத்தை ஓட்டி வருவார். அதன்மேல் மரமும் தகடும் வைத்து முழு லாரியாக ஆக்குவது நம் ஊர் ஆசாரிமார், வெல்டர், பெயின்டர்களின் கைவேலை. பின்பக்கம் எழுதும் வாசகம்வரை எல்லாம் இங்கேதான்.

குமாரபாளையம் தாண்டிக் காவிரிப் பாலம். பெருந்துறையில் டீ. நூற்றி அறுபது கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு நீலாம்பூர் வழியாகக் கோவைக்குள் நுழைந்தோம்.

பிரித்துப் பார்த்த மனிதர்

அவிநாசி சாலையில், பிரசிடென்ட் ஹால் வளாகத்தில் இருக்கிறது ஜீடி கார் மியூசியம். ஜி.டி.நாயுடு குடும்பத்தின் அறக்கட்டளை நடத்துகிறது. அவருடைய மகன் ஜி.டி.கோபால் சேர்த்த கார்களும் சேர்ந்து 2015-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. உள்ளே போவதற்கு முன் ஜி.டி.நாயுடுவைப் பற்றி என் மகனுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருந்தது. இந்தச் சாலையின் மேலே கட்டியிருக்கும் புது மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

1893-இல் கோவைக்குப் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்த நாளிலிருந்து அது மட்டுமே நினைப்பு. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டினார். அதுதான் அவர் படித்த பள்ளிக்கூடம்.

1920-இல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். ஓட்டுநரும் அவரே. அந்த ஒற்றை பஸ்தான் பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய பேருந்து நிறுவனமானது. 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. கோவை மோட்டார் பம்புக்குப் பெயர்போன ஊரானதற்கான விதைகளில் அதுவும் ஒன்று. 1974-இல் காலமானார்.

"ஓட்டினவனுக்குத்தான் வண்டி தெரியும்னு நினைப்பாங்க. பிரிச்சவனுக்குத்தான் தெரியும்" என்றார் அப்பா. அவரும் பட்டறையில் கிளீனராகத் தொடங்கியவர்தான்.

ஊக்கும் தோலும் உதவிய பயணம்

உள்ளே முதலில் எங்களை நிறுத்தியது மூன்று சக்கரத்தில் நிற்கும் ஒரு வண்டி. பார்த்தால் குதிரை அவிழ்த்துவிட்ட ரெட்லா போல இருக்கிறது. ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29-ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்த மோட்டார் வண்டி. அசலை அப்படியே ஒத்துச் செய்த மாதிரி இது. ஸ்டீயரிங் வளையம் கிடையாது, ஒரு கைப்பிடிதான். சீட்டுக்குப் பின்னால் ஒற்றை சிலிண்டர் இன்ஜின். அதன் சக்தி முக்கால் குதிரைத் திறன். அதிகபட்ச வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். "தாத்தா, என் சைக்கிள் இதைவிட வேகம்" என்றான் மகன்.

இந்த வண்டியின் கதையில் எனக்குப் பிடித்தவர் கார்ல் பென்ஸ் இல்லை, அவர் மனைவி பெர்த்தா. கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை எடுத்துக் கொடுத்து அவர் தொழிலைக் காப்பாற்றியவர். வண்டியைச் செய்துவிட்டாரே தவிர, கணவருக்கு அதை நெடுந்தூரம் ஓட்டிக் காட்டத் தயக்கம். வாங்கவும் ஆள் வரவில்லை. 1888 ஆகஸ்டில் ஒரு நாள், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து தன் அம்மா வீடு இருந்த ஃபோர்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதுவரை யாரும் காரில் அவ்வளவு தூரம் போனதில்லை.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்று உலகத்திலேயே கிடையாதே! வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் துணி வெளுக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தன் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோல் வைத்துத் தைத்து வாங்கினார். மேடு வந்த இடத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி கொடுத்தார். மேடேற இன்னொரு கியர் வேண்டும் என்ற யோசனையும் அந்தப் பயணத்தில் கிடைத்ததுதான்.

இதை நான் சொல்லி முடித்ததும் அப்பா சிரித்தார். "உங்கம்மா மட்டும் என்ன? பதினாலாவது வளைவுல ஃபேன் பெல்ட் அறுந்துச்சு. அவ புடவைக் கிழிசலத்தான் முறுக்கிக் கட்டி மேல ஏத்தினேன்." எனக்குத் தெரியாத கதை இது. அந்த வண்டி வேண்டாம் என்கிற அம்மாவும் இந்தக் கதையை ஒருநாளும் சொன்னதில்லை.

ரேடியேட்டர் இல்லாத கார்

ஃபோர்டு மாடல்-டி முன்னால் கூட்டம். 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள். 1913-இல் ஹென்றி ஃபோர்டு ஓடும் வரிசையில் வைத்து வண்டிகளைப் பூட்டத் தொடங்கினார். ஆள் நகராமல் வண்டி நகர்ந்து வந்தது. ஒரு சேஸிஸைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. முதலில் 850 டாலராக இருந்த விலை, 300 டாலருக்கும் கீழே வந்தது. பணக்காரர் வீட்டுப் பொருளைத் தொழிலாளியும் வாங்கினார்.

ரோல்ஸ் ராய்ஸைப் பற்றி எழுத வேண்டியதில்லை. எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். அவரை நகரவிடாமல் பிடித்துக்கொண்டது ஃபோக்ஸ்வாகன் பீட்டில். ஆமை ஓடு போன்ற அந்தக் கார் 1938-லிருந்து 2003 வரை 2 கோடியே 15 லட்சம் தயாரானது. இன்ஜின் பின்னால். அது காற்றிலேயே குளிரும் வகை.

"அப்ப ரேடியேட்டர்?"

"கிடையாதுப்பா."

"தண்ணியே ஊத்த வேண்டாமா?"

"வேண்டாம்."

நம்பாமல் குனிந்து பார்த்தார். ஏற்காடு மலையில் இருபது கொண்டை ஊசி வளைவு. கோடையில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஏறினால் பாதி மலையில் அம்பாசிடர் பானெட்டிலிருந்து ஆவி பறக்கும். நிறுத்தி, கோணியை நனைத்து மூடியைத் திறந்து, டிக்கியில் இருக்கும் கேனிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்படி ஒருமுறை திறந்ததில் கொதிநீர் பட்ட தழும்பு அப்பாவின் வலது முன்கையில் இருக்கிறது. அந்தக் கையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

மகனுக்குப் பிடித்தது வேறொன்று. மெல்கஸ் ஆர்.எஸ். 1000. பறவை இறக்கை விரிப்பதுபோல் கதவு மேல்நோக்கித் திறக்கும் கிழக்கு ஜெர்மனி ஸ்போர்ட்ஸ் கார். மொத்தமே நூற்றியொன்றுதான் செய்தார்கள். அதில் ஒன்று கோயம்புத்தூரில்! பார்க்கத்தான் பந்தயக் கார். உள்ளே இருப்பது ஆயிரம் சி.சி.கூட முழுதாக இல்லாத, மூன்று சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் இன்ஜின். கிடைத்ததை வைத்துச் செய்தவர்கள்.

நம் ஊர்க் கார்கள்

வயதானவர்கள் மெதுவாக நடப்பது நம் ஊர்க் கார்களின் பக்கம் வரும்போதுதான். "இது எங்க டாக்டர் வெச்சிருந்த வண்டி", "இதுலதான் உங்க அத்தையைப் பொண்ணு பார்க்கப் போனோம்" என்று ஆளுக்கு ஒரு கதை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் சென்னையில் தயாரான கார். 1961-இல் வந்தது. முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். மெக்கானிக் டயர் மேலே உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். ஃபியட் 1100 மும்பை குர்லாவில் வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் கம்பெனி செய்தது; அதுவே பின்னாளில் பத்மினி ஆனது. எழுபதுகளில் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து கார் எடுத்தார்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்த நாளோடு அந்தக் காலம் முடியத் தொடங்கியது.

அப்புறம் அம்பாசிடர்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைப் பார்த்து, 1957-லிருந்து கொல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. ஐம்பத்தேழு வருடம் ஏறக்குறைய ஒரே முகம். மந்திரியும் அதில்தான் போனார், மாப்பிள்ளை ஊர்வலமும் அதில்தான் போனது. குண்டும் குழியுமான சாலைக்கு அதன் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் போதும். எந்த ஊர்ப் பட்டறையிலும் ஒரு சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தால் சரிசெய்துவிடலாம்.

மியூசியத்தில் நிற்பது பளபளப்பு. பம்பரில் முகம் பார்க்கலாம். அப்பா அதன் முன்னால் கைகட்டி நின்றார். கோயிலில் நிற்பதுபோல என்று எழுதலாம். ஆனால் அப்படி இல்லை. விலைக்கு வந்த வண்டியைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். டயரைப் பார்த்தார். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தார். பத்து நிமிடம் இருக்கும்.

"நல்லா வெச்சிருக்காங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் இப்படி வெச்சிருக்கல கண்ணு" என்றார்.

"நீங்க ஓட்டினீங்கப்பா. இது நிக்குது" என்றேன்.

"ஓட்டினப்ப நல்லாத்தான் வெச்சிருந்தேன். ஏழு வருஷமாச் சும்மா அடைச்சு வெச்சிருக்கேனே, அதைச் சொல்றேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. அவரே சொன்னார்: "இங்க ஒண்ணு பத்திரமா இருக்கு. இந்தப் பையன் பேரனுக்குக்கூட அம்பாசிடர்னா இதுதான்னு காட்டலாம். அப்ப என்னோடது போகலாம்."

இரண்டு வண்டிக்குப் பாகம்

திரும்பும் வழியில் அவிநாசி தாண்டியதும் அப்பா கணக்குப் போட்டார். இருபது வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க இப்போது 10,000 ரூபாய். இன்சூரன்ஸ், டயர், இன்ஜின் வேலை எல்லாம் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும். ஓட்ட ஆளும் இல்லை. பழைய இரும்புக்குப் போட அவருக்கு மனமில்லை. கோரிமேட்டில் அவருக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட இரண்டு பழைய அம்பாசிடர்களை வைத்திருக்கிறார். பாகம் கிடைக்காமல் அல்லாடுகிறார். "அவன் ரெண்டு வருஷமாக் கேட்டுட்டே இருந்தான். கியர் பாக்ஸ் நம்மளது தங்கம். அந்த ரெண்டு வண்டியும் இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"நினைவுக்கு ஏதாவது எடுத்து வெச்சுக்கலாமா தாத்தா? ஸ்டீயரிங்கு?" என்று பின் சீட்டிலிருந்து கேட்டான் மகன்.

"ஸ்டீயரிங்க நாம எடுத்துட்டா அவன் எதைப் பிடிச்சு ஓட்டுவான்?"

ஆர்.சி. புத்தகத்தை ஒழுங்காகப் பதிவு நீக்கம் செய்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுப்பேன் என்பதிலும் உறுதியாக இருந்தார். சித்திரை முதல் வாரத்தில் மெக்கானிக் கயிறு கட்டி இழுத்துப் போனார். அம்மா வாசலில் கோலம் போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பாம்பு வரும் என்று பயமுறுத்தியவர்தான். வண்டி தெருமுனை திரும்பும்வரை உள்ளே போகவில்லை. தம்பி அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்பா பக்கத்திலேயே நின்றான்.

போகிறவர்களுக்கு

சேலத்திலிருந்து காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடலாம். மியூசியத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். விடுமுறை நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். குழந்தைகள் இருந்தால் அதே குடும்பத்தார் நடத்தும் அறிவியல் மையத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் முக்கியமாக, வீட்டில் வண்டி ஓட்டிய பெரியவர் யாராவது இருந்தால் அவரைக் கூட்டிப் போங்கள். அட்டையில் எழுதியிருப்பதைவிட அவர் சொல்வது அதிகமாக இருக்கும்.

அப்பாவுக்கு ஒரே ஒரு குறை. "எல்லாக் காரும் இருக்கு. லாரி இல்லையே?" கார் மியூசியத்தில் லாரியைத் தேடினால் எப்படி என்று சிரித்தேன். பிறகு யோசித்தால், அவர் கேட்டது நியாயம்தான். முண்டாசு கட்டிச் சேஸிஸ் ஓட்டி வந்தவர்கள், பாடி கட்டிய ஆசாரிகள், பின்பலகையில் எழுதிய ஓவியர்கள் எல்லாம் நம் ஊர்க்காரர்கள். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ அவர்களுக்கும் ஒரு காட்சியகம் வரட்டும். அன்றைக்கும் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து நான்தான் ஓட்டிப் போவேன். அவர் கால் பிரேக்கை மிதிக்கட்டும்.